பழைய கடன் என்று சொல்லி வருகிறார்களா? கொடுப்பதற்கு முன் கணக்கைக் கேளுங்கள்





ஒரு நாள் காலையில் தொலைபேசி ஒலிக்கிறது. "உங்க பேர்ல 2016இல் எடுத்த லோன் நிலுவையில் இருக்கு. அசலும் வட்டியுமா 84,000 ரூபாய். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள 2,000 மட்டும் கட்டுங்க, கேஸ் போகாம பாத்துக்கிறோம்" என்கிறது ஒரு குரல். அல்லது கணவர் வஃபாத்தாகி இத்தாவில் இருக்கும் சகோதரியின் வாசலில் இருவர் வந்து நின்று, "உங்க வீட்டுக்காரர் வாங்கின கடன்" என்கிறார்கள். அக்கம்பக்கம் பார்க்கிறதே என்ற கூச்சத்திலும், கடனோடு மவுத்தாகிவிடக் கூடாதே என்ற பயத்திலும் பலர் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுகிறார்கள். யாருக்குக் கொடுத்தோம், எந்தக் கணக்கில் வரவு வைத்தார்கள் என்பது பிறகு தெரிவதில்லை.

அந்தப் பயம் ஈமானில் இருந்து வருவது, அது நல்லது. ஆனால் அதைப் பயன்படுத்தி, நாம் வாங்காத கடனையோ, ஏற்கெனவே அடைத்த கடனையோ, பல மடங்கு ஊதிப்போன கணக்கையோ நம் தலையில் கட்ட இடம் கொடுக்கக் கூடாது. இப்படி ஒரு கோரிக்கை வந்தால் என்ன கேட்க வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது, கடன் உண்மை என்று தெரிந்தால் எப்படி அடைக்க வேண்டும் என்பவற்றை இந்தப் பாடத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

மூன்று தீனார் கடன் வைத்துவிட்டு, அதை அடைக்க எதுவும் விட்டுச் செல்லாமல் இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். கடனின் கனத்தைக் காட்டும் இந்தச் செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. வசதி உள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநீதி என்றும் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இதே மார்க்கம்தான் கடனுக்கு எழுத்தையும் சாட்சியையும் கேட்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282 முழுவதும் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது. அதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. என்ன எழுத வேண்டும் என்று வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவர்தான். அவர் அல்லாஹ்வுக்கு அஞ்சி, எதையும் குறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் விவரம் அறியாதவராகவோ பலவீனராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும். ஒருவர் மீது கடனைப் பதிய அவருடைய அறிவும் சம்மதமும் தேவை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். படிக்கத் தெரியாத ஒரு தாயிடம் காகிதத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்பது இந்த முறைக்கு நேர் எதிரானது.

உரிமை கோருபவரே ஆதாரம் காட்ட வேண்டும் என்பது இஸ்லாமிய நீதி முறையின் அடிப்படை விதி. ஆகவே "கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்பதைக் கடனை ஏமாற்றும் செயலாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். கொடுக்க வேண்டியதைச் சரியான ஆளுக்குச் சரியான அளவில் கொடுக்க அதுதான் முதல் வேலை.

முதல் அழைப்பில் செய்யக் கூடாத மூன்று

1. "ஆமாம், என் கடன்தான்" என்று உடனே சொல்லாதீர்கள். "விவரத்தை எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்பது போதும். பொய்யும் சொல்ல வேண்டாம்.

2. "அடையாளத்துக்காக" என்று கேட்கும் சிறு தொகையைக் கட்டாதீர்கள். 500 ரூபாய் கட்டியதும் சட்டத்தில் வேறு பொருள் பெறலாம். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

3. எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ போடாதீர்கள். ஓடிபி, ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம் எதையும் சொல்லாதீர்கள். அவர்கள் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள். கடன் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கும் மோசடிக் கும்பல்களும் இதே குரலில்தான் பேசுகின்றன. அப்படிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

பேசியவரின் பெயர், எண், நிறுவனம், நாள், நேரம், கேட்ட தொகை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பின்னால் புகார் கொடுக்க இதுவே ஆதாரமாகும்.

கேட்க வேண்டிய காகிதங்கள்

வீட்டுக்கு வரும் வசூல் முகவரிடம் அடையாள அட்டையும், இந்தக் கடனை வசூலிக்க வங்கி அவருக்கு அளித்த அதிகாரக் கடிதமும் இருக்க வேண்டும். அவற்றைப் பார்த்த பிறகும் பணம் கொடுக்க அவசரம் இல்லை. கீழ்க்கண்டவற்றை எழுத்தில் கேளுங்கள்.

- கடன் ஒப்பந்தத்தின் நகல், அதில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்பது.
- கடன் கொடுத்த நாள், தொகை, அது எந்த வங்கிக் கணக்குக்குப் போனது.
- இதுவரை கட்டிய தவணைகளின் முழுக் கணக்கு அறிக்கை. கடைசியாகக் கட்டிய நாள்.
- இன்று கேட்கும் தொகையில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதமும் இதர கட்டணமும் எவ்வளவு.
- கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றிருந்தால், அந்த மாற்று ஆவணத்தின் நகல்.

இந்தக் காகிதங்கள் வந்தால் பல விஷயங்கள் தெளிவாகும். ஒரே பெயரில் இருக்கும் வேறொருவரின் கடனாக இருக்கலாம். நம் சமுதாயத்தில் ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பது சாதாரணம். தகப்பனார் பெயரும் ஒன்றாக இருப்பதுண்டு. நம் ஆதார் நகலை வைத்து வேறு யாரோ வாங்கியதாக இருக்கலாம். அல்லது எப்போதோ அடைத்து முடித்த கடனாக இருக்கலாம்.

வங்கியில் வாங்கிய கடன் என்றால் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் தவறான பதிவு இருந்தால் திருத்தச் சொல்லி எழுதலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

மூன்று ஆண்டுக் கணக்கு

கடனை வசூலிக்க நீதிமன்றம் போவதற்கு 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது. ஈடு இல்லாத கடன்களுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள். கேட்கும்போது தர வேண்டிய புரோநோட்டுக்கு அது எழுதிய நாளிலிருந்து கணக்கு. தவணைக் கடனுக்குத் தவணை தவறிய நாளை வைத்துக் கணக்கு. கெடு தாண்டிய வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டும்.

இதில் நான்கு விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலாவது, கொரோனா காலம். 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எடுத்துக்காட்டாக, 10.5.2019 அன்று எழுதிய புரோநோட்டுக்கு 2022 மே மாதம் கெடு முடிந்தது என்று நினைத்தால் தவறு. அந்த நாட்களைக் கழித்தால் கெடு 2024 ஏப்ரல் வரை நீள்கிறது.

இரண்டாவது, கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். கெடுவுக்குள் ஒரு பகுதியைக் கட்டி, அதற்கு நம் கையெழுத்துள்ள எழுத்து இருந்தாலும் அப்படியே. "2,000 மட்டும் கட்டுங்க" என்பதன் பின்னால் இதுவும் இருக்கலாம்.

மூன்றாவது, கெடு முடிந்த பிறகும் ஆபத்து உண்டு. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அது புதிய ஒப்பந்தமாகச் செல்லும். எனவே "சும்மா ஒரு லெட்டர்" என்று எதுவும் கிடையாது.

நான்காவது, எல்லாக் கடனுக்கும் மூன்று ஆண்டு இல்லை. வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்த கடனுக்கு 12 ஆண்டு. ஏற்கெனவே நீதிமன்றத் தீர்ப்பு ஆகியிருந்தால் அதை நிறைவேற்றவும் 12 ஆண்டு. நகைக்கடனில் நகை அவர்கள் கையில் இருக்கிறது. இவற்றில் நீங்களே கணக்குப் போட்டு முடிவெடுக்காமல் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கெடு முடிந்தால் வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது. வாங்கியது உண்மை என்றால் அல்லாஹ்விடம் அந்தக் கடன் அப்படியே இருக்கிறது. மூன்று ஆண்டு முடிந்துவிட்டது என்று சொல்லி, தெரிந்தே வாங்கிய அசலை விழுங்குவது முஸ்லிமுக்கு அழகில்லை. காலவரையறை என்பது பொய்க் கணக்கிலிருந்தும் மிரட்டலிலிருந்தும் நம்மைக் காக்கும் கேடயம். அதைப் பிறர் பொருளை எடுக்கும் கருவியாக்கக் கூடாது.

இறந்தவரின் கடன்

அத்தா வாங்கிய கடனை மகன் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டுமா? கணவரின் கடனுக்கு மனைவியின் நகையைக் கேட்கலாமா?

மார்க்கத்தில், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து ஜனாஸா செலவு போக, கடனை அடைத்து, வஸிய்யத்தை நிறைவேற்றிய பிறகே வாரிசுகளுக்குப் பங்கு. அந்நிஸா அத்தியாயத்தில் வாரிசுரிமை பற்றிய வசனங்கள் இதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகின்றன. கடன் இருப்பது தெரிந்தும் அதை ஒதுக்கிவிட்டுச் சொத்தைப் பிரிப்பது பெரிய தவறு. நாட்டின் சட்டமும் இதோடு ஒத்துப்போகிறது: இறந்தவரின் சொத்து வாரிசுகள் கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் அவர்கள் பொறுப்பு. ஒன்றும் வரவில்லை என்றால் தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது. மனைவியின் மஹரும் அவருடைய சொந்த நகையும் கணவரின் சொத்தில் சேராது.

ஆனால் மனைவியோ மகனோ அந்தக் கடனில் இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருந்தால் அவர்களும் நேரடியாகப் பொறுப்பாவார்கள். அதனால்தான் ஒப்பந்த நகலை முதலில் கேட்கச் சொல்கிறோம். இன்னொன்றையும் கேளுங்கள்: "கடனோடு ஆயுள் காப்பீடு சேர்த்திருந்தீர்களா?" பல கடன்களில் தொடக்கத்திலேயே பிரீமியம் பிடித்திருப்பார்கள். அப்படி இருந்தால் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து, நிலுவையைக் காப்பீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி எழுத்தில் கேட்கலாம்.

மகன் மனமுவந்து தகப்பனாரின் கடனை அடைத்தால் அது பெரும் நன்மை. அதையும் கடன் உண்மைதானா, எவ்வளவு என்று உறுதி செய்தபின் செய்யட்டும்.

எழுத வேண்டிய கடிதம்

வாய்ப்பேச்சு நிற்காது. கீழே உள்ளதுபோல் எழுதி, வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

"ஐயா/அம்மா, எனது பெயரில் கடன் நிலுவை இருப்பதாகக் கூறி ……… தேதியில் ……… என்ற எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கேட்கப்பட்ட தொகை ரூ. ……… இந்தக் கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடன் ஒப்பந்த நகல், முழுக் கணக்கு அறிக்கை, கடைசியாகப் பணம் செலுத்திய நாள், அசல்–வட்டி–கட்டண விவரம், வசூல் முகவருக்கு அளித்த அதிகாரக் கடிதம் ஆகியவற்றை எனக்கு எழுத்துமூலம் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றைச் சரிபார்க்கும்வரை வசூல் நடவடிக்கையை நிறுத்திவைக்கவும். இனி என்னுடன் எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளவும். இக்கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகவோ, செலுத்த உறுதியளிப்பதாகவோ ஆகாது."

வாங்கியது நினைவிருந்து தொகையில் மட்டும் சந்தேகம் இருந்தால், "ஒப்புக்கொள்ளவில்லை" என்ற வரியை எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக, "கேட்கப்பட்ட தொகையின் கணக்கு எனக்குத் தரப்படவில்லை" என்று எழுதுங்கள். உண்மைக்கு மாறாக எதுவும் எழுத வேண்டாம்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை. வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

வசூலுக்கு வருவோரின் எல்லை

ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினர் நண்பர் முன் அவமானப்படுத்தக் கூடாது. பெண்கள் எடுக்கும் குழுக்கடன் போன்ற நுண்கடன்களுக்கு விதி இன்னும் கடுமை: காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூடாது. இரு தரப்பும் பேசி வைத்த பொது இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம்.

தனியார் வட்டிக்காரர்களின் மிரட்டலுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க 2025இலும் தனிச் சட்டம் கொண்டுவரப்பட்டுள்ளது. வீட்டுக்குள் நுழைவது, பொருளைத் தூக்குவது, பெண்களை மிரட்டுவது என்று எல்லை மீறினால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

"இன்னைக்கே போலீஸ் வந்து தூக்கிடும்" என்ற பேச்சுக்கு அஞ்ச வேண்டாம். தவணை கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் போலீஸ் கைது செய்வதில்லை. அது உரிமையியல் விவகாரம்.

ஒதுக்கவே கூடாத காகிதங்கள்

எல்லாக் காகிதத்தையும் மிரட்டல் என்று நினைத்துத் தூக்கிப்போடவும் கூடாது.

- நீதிமன்றச் சம்மன்: குறித்த நாளில் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். காலாவதியான கடன் என்றாலும் போய்ச் சொல்ல வேண்டும். எழுத்துப்பூர்வப் பதிலுக்குப் பொதுவாக 30 நாள்.
- காசோலை திரும்பியதற்கான நோட்டீஸ்: கிடைத்த நாளிலிருந்து 15 நாள் மிக முக்கியம். இது குற்ற வழக்காக மாறும்.
- நடுவர் மன்ற நோட்டீஸ்: நடுவரின் முடிவை நீதிமன்றத் தீர்ப்புபோல் நிறைவேற்ற முடியும்.
- லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்ற அழைப்பு: இது சமரசத்துக்கான அழைப்பு. போய்ப் பேசலாம், ஒத்துவராவிட்டால் கையெழுத்திடாமல் வரலாம். கையெழுத்திட்டால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. எண் 15100.

கடன் நம்முடையதுதான் என்று தெரிந்தால்

காகிதம் வந்து, கையெழுத்தும் கணக்கும் சரி என்றால் அடைக்கும் நிய்யத்தை வைத்துவிடுங்கள். முடியாத நிலை என்றால் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அல்பகரா 280. தள்ளுபடி செய்வது அதைவிடச் சிறந்தது என்கிறது. நமக்குத் தர வேண்டியவர்களிடம் நாமும் அப்படி நடக்க வேண்டும்.

பழைய கடன்களில் நிறுவனங்கள் ஒரே தவணையில் முடிக்கக் குறைந்த தொகைக்கு இசைவதுண்டு. வட்டியையும் அபராதத்தையும் நீக்கி அசலை மட்டும் பெற்றுக்கொள்ளக் கேளுங்கள். வட்டியிலிருந்து விடுபட நினைப்பவருக்கு அது நல்ல வழி. ஆனால் அவர்கள் இசைந்த தொகையை முதலில் எழுத்தில் வாங்குங்கள். பணத்தைக் கடன் கணக்கில் நேரடியாகச் செலுத்துங்கள். முகவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றை வாங்குங்கள். குறைத்து முடித்த கடன் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று பதிவாகும். முழுதும் அடைத்ததுபோல் "க்ளோஸ்டு" என்று இருக்காது. அதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். வீட்டுப் பத்திரம் கொடுத்திருந்தால் முழுதும் அடைத்த 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

கடனில் மூழ்கியவர்கள் ஸகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் ஒரு பிரிவினர் (அத்தவ்பா 60). உண்மையில் வழியற்றவர்கள் கூச்சப்படாமல் ஜமாஅத்திலோ அறக்கட்டளையிலோ காகிதங்களுடன் வந்து பேசுங்கள். காகிதம் இருந்தால்தான் ஸகாத் பணமும் சரியான இடத்துக்குப் போகும்.

வீட்டில் கலந்து பேச

1. நம் வீட்டில் யார் யாருக்குக் கடன் இருக்கிறது, யாருக்கு ஜாமீன் போட்டிருக்கிறோம் என்பது மனைவி, மக்களுக்குத் தெரியுமா?
2. அடைத்த கடன்களின் ரசீதும் நிலுவை இல்லாச் சான்றும் ஒரே உறையில் இருக்கிறதா?
3. எங்கேனும் வெற்றுக் காசோலையோ நிரப்பாத புரோநோட்டோ கொடுத்திருக்கிறோமா? கடன் முடிந்தும் திருப்பி வாங்காமல் விட்டிருக்கிறோமா?
4. நம் வஸிய்யத்தில் தர வேண்டியதும் வர வேண்டியதும் எழுதப்பட்டிருக்கிறதா?

இன்று இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்கி இந்த நான்குக்கும் விடை எழுதிவையுங்கள். நாளை யாரேனும் வந்து "உங்க வீட்டுக்காரர் வாங்கியது" என்று சொன்னால், வீட்டில் இருப்பவர்கள் அழுதுகொண்டு நிற்காமல் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்க முடியும்.

கடனின் சுமையிலிருந்தும் மனிதர்களின் அடக்குமுறையிலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.